சிவப்பு விழாத பக்கங்கள்

ஜூன் 3, திங்கள்

அப்பாவுக்குக் குளிக்க ஊற்றி, வேட்டி மாற்றி, நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுக் கிளம்பும்போதே உடம்பு அசந்துவிட்டது. ஆபீஸ் மூன்றாவது மாடி. லிஃப்ட் போன தீபாவளியிலிருந்து ஓடவில்லை.

நிஷாந்த் எல்லோரையும் கூப்பிட்டார். பெங்களூரிலிருந்து வந்திருக்கும் புது மேனேஜர், என் வயதில் பாதி. வெளிநாட்டு டாக்டர்கள் எழுதும் ஆராய்ச்சிக் கட்டுரைகளின் ஆங்கிலத்தைத் திருத்திக் கொடுப்பதுதான் எங்கள் பிழைப்பு. இனிமேல் முதல் திருத்தத்தை ஒரு மென்பொருள் செய்யுமாம். அது விட்டதையும் கெடுத்ததையும் நாங்கள் சரிசெய்ய வேண்டும். நாங்கள் விட்டதை இன்னொருவர் பார்த்துச் சிவப்பில் குறிப்பார். சிவப்பு கூடினால் மதிப்பெண் குறையும். அடுத்தடுத்து இரண்டு மாதம் கம்பெனி வைத்திருக்கும் மதிப்பெண் கோட்டுக்குக் கீழே போகிறவர்களை ‘ரிலீஸ்’ செய்துவிடுவார்களாம். ஏதோ ஜெயிலிலிருந்து விடுவதுபோலச் சொன்னார்.

அந்த இன்னொருவர் நான்தான். “சீனியர் நீங்கதானே சார்” என்றார். நான் கேட்டு வாங்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

மத்தியானம் பெர்னதெத் மேடம் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே, “இனிமே உங்களுக்கு நான் பயப்படணுமா, தேசிங்கு?” என்றார். பதினான்கு வருடமாக எனக்கு எதிர் மேஜை. பதினான்கு வருடமும் சண்டை.

“ரூல்படி எழுதுனா யாருக்கும் பயப்பட வேணாம்.”

சிரித்தார். எரிச்சலாக இருந்தது.

ஜூன் 5, புதன்

முதல் சண்டை ‘டேட்டா’வில் ஆரம்பித்தது. லத்தீனில் அது பன்மை. ஆகவே ‘டேட்டா ஆர்’ என்று எழுத வேண்டும் என்பது எங்கள் பத்திரிகைகளின் விதி. மேடம் ‘டேட்டா இஸ்’ என்று விட்டிருந்தார். சிவப்புப் போட்டேன். மறுப்பு இருந்தால் அழுத்துவதற்குக் கம்ப்யூட்டரில் ஒரு பட்டன் உண்டு. அதை அழுத்தாமல் எழுந்து என் மேஜைக்கே வந்து நின்றார்.

“உங்க செல்போன்ல டேட்டா தீந்தா என்னா சொல்லுவீங்க? டேட்டாக்கள் தீந்துபோயிட்டாங்கன்னா?”

“செல்போன் வேற, ஜர்னல் வேற.”

“பேசுற வாய் ஒண்ணுதானே?”

“புஸ்தகத்துல இருக்கு மேடம்.”

“அந்தப் புஸ்தகத்தை எழுதுனவரே வீட்டுல ‘இஸ்’னுதான் பேசியிருப்பாரு.”

வேலை நேரம் வீணாகப் போனது. சிவப்பை எடுக்கவில்லை.

ஜூன் 6, வியாழன்

தண்ணீர் மோட்டார் புகைந்துவிட்டது. மெக்கானிக் நாளை வருவதாகச் சொல்கிறார்.

ஜூன் 7, வெள்ளி

மெக்கானிக் இன்றும் நாளை என்றார். கீழ்க் குழாயிலிருந்து குடம் குடமாகத் தூக்கி அப்பாவுக்கு ஊற்றினேன். தோள்பட்டை கழன்றுவிடும்போல் இருக்கிறது.

ஜூன் 11, செவ்வாய்

நிஷாந்த் மீட்டிங்கை ‘ப்ரீபோன்’ செய்திருப்பதாக மெயில் அனுப்பினார். கூடவே ‘ப்ளீஸ் ரிவர்ட் பேக்’. ரிவர்ட் என்றாலே திரும்பிப்போவது, அதற்கு எதற்கு ஒரு பேக்? அதற்குப் பதில் அனுப்பு என்ற பொருளும் கிடையாது. எங்கள் மதிப்பெண் இந்த மனிதரின் கையில் இருக்கிறது.

மேடத்திடம் சொன்னேன். “‘ரிவர்ட்’ல நீங்க சொல்றது சரி, ஒத்துக்கிறேன். ஆனா ‘ப்ரீபோன்’ நல்ல வார்த்தை” என்றார். “தள்ளிப்போடுறதுக்கு வெள்ளைக்காரன் ஒரு வார்த்தை வெச்சிருந்தான். முன்னாடி இழுக்குறதுக்கு வெக்கலை. நம்ம ஆளுங்க வெச்சாங்க. தேவைப்பட்டுச்சி, செஞ்சிக்கிட்டாங்க.”

“நம்ம இஷ்டத்துக்குச் செஞ்சிக்க அது நம்ம பாஷையா?”

“அப்புறம் யாரோடது? நான் பொறந்ததுலேர்ந்து பேசுறேன்.”

இதுதான் எனக்கும் அவருக்கும் உள்ள வித்தியாசம். அவர் கான்வென்ட். அவர் அப்பா வீட்டிலேயே ஆங்கிலம் பேசுவாராம், கோபம் வந்தால் பிரெஞ்சு. நான் பிளஸ் டூ வரை தமிழில் படித்தவன். மில் தொழிலாளி மகன். இலக்கணப் புத்தகம் ஒன்றை வரிக்கு வரி மனப்பாடம் செய்துதான் இந்த நாற்காலிக்கு வந்தேன்.

“உங்களுக்கு அது சொந்த வீடு மேடம். எனக்கு வாடகை வீடு. ஆணி அடிக்கணும்னாகூட ஓனரைக் கேக்கணும்” என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அவர் தன் டப்பாவிலிருந்து ஒரு மீன் துண்டை எடுத்து என் சோற்றின் மேல் வைத்தார்.

ஜூன் 18, செவ்வாய்

மேடம் இரண்டு நாள் லீவு. திருச்சியில் படிக்கும் மகளைப் பார்க்கப் போயிருக்கிறார்.

அமைதியாக இருந்தது. வேலை நிறைய முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. கண் எரிச்சல் காரணமாக இருக்கலாம்.

அப்பா, “அந்தப் பொண்ணு இன்னிக்கி எதுக்குச் சண்ட போட்டுது?” என்று கேட்டார். தினமும் சாயங்காலம் இதைக் கேட்பது அவருக்குப் பழக்கம். நான் இங்கே எழுதுவதை அவரிடம் சொல்லவும் செய்கிறேன் போலிருக்கிறது. வரவில்லை என்றேன்.

“அதான் மூஞ்சி இப்பிடி இருக்கா.”

கால் வலிக்குத் தைலம் தேய்த்துவிட்டுப் படுக்கவைத்தேன்.

ஜூன் 28, வெள்ளி

மதிப்பெண் வந்தது. மேடம் கோட்டுக்குக் கீழே.

பெயர்களைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள், பரீட்சை முடிவுபோல. மேடம் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். பிறகு தன் இடத்துக்கு வந்து அடுத்த கட்டுரையைத் திறந்தார்.

அந்தச் சிவப்பெல்லாம் நான் போட்டதுதான். எல்லாம் விதிப்படி போட்டது. இன்னொரு தடவை எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்தேன். ஒன்றுகூடத் தப்பாகப் போடவில்லை.

ஜூலை 2, செவ்வாய்

மேடத்தின் வேலை வேகமாகிவிட்டது. முன்பெல்லாம் ஒவ்வொரு கட்டுரையையும் யாரோ எதிரில் உட்கார்ந்து சொல்வதைக் கேட்பதுபோல உதட்டை அசைத்துப் படிப்பார். இப்போது உதடு அசையவில்லை. வேகத்தில் பிழை கூடுகிறது. ‘அஃபெக்ட்’ வர வேண்டிய இடத்தில் ‘எஃபெக்ட்’. பள்ளிக்கூடப் பிள்ளை செய்யும் தப்பு. மேடம் இதைச் செய்து நான் பார்த்ததே இல்லை.

சிவப்புப் போட்டேன். சண்டைக்கு வரவில்லை. “ஆமா, என் தப்புதான்” என்று இடத்திலிருந்தே சொன்னார்.

ஜூலை 4, வியாழன்

அப்பாவுக்குக் காய்ச்சல். லீவு.

ஜூலை 5, வெள்ளி

காய்ச்சல் விட்டது. கஞ்சி கொடுத்தேன், வாந்தி எடுத்தார். துவைத்துக் காயப்போட்டதும் மழை வந்தது.

ஜூலை 9, செவ்வாய்

நுரையீரல் நோய் பற்றிய ஒரு கட்டுரை. கடைசி நிலையில் இருந்த ஒரு பெண்மணியின் கதைதான் அது. எங்கள் விதிப்படி நோயாளி இறந்தால், செத்தார் என்று நேராகச் சொல்லும் ‘டைட்’ மட்டும்தான் எழுத வேண்டும். ‘எக்ஸ்பயர்ட்’ கூடாது. காலமானார் என்கிற ‘பாஸ்ட் அவே’யும் கூடாது. இங்கே டாக்டர், அந்த அம்மாள் விடிகாலையில் கணவர் பக்கத்தில் இருக்க ‘பாஸ்ட் அவே’ என்று எழுதியிருந்தார். மென்பொருள் அதை ‘டைட்’ என்று மாற்றியிருந்தது. மேடம் அதை மறுபடி ‘பாஸ்ட் அவே’ ஆக்கியிருந்தார். கவனக்குறைவில் விட்டதல்ல, வேண்டுமென்றே மாற்றியது.

இந்தத் தடவை நான் எழுந்து அவர் மேஜைக்குப் போனேன்.

“மேடம், இது...”

“தெரியும். ரூல் தெரியும்.” திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “எங்க வீட்டுக்காரர் போனப்ப டாக்டர் வெளியே வந்து ‘ஹி எக்ஸ்பயர்ட்’ன்னாரு. பால் பாக்கெட்டுக்குச் சொல்ற மாதிரி. ஆறு வருஷம் ஆச்சி, இன்னும் காதுல இருக்கு. இந்த டாக்டர் நல்லதா ஒரு வார்த்தை போட்டிருக்காரு. அந்த அம்மா பக்கத்துல நின்னவரு அவரு. அதை வெட்டறதுக்கு நான் யாரு? போடுங்க, சிவப்புப் போடுங்க. உங்க வேலை அது.”

இடத்துக்கு வந்தேன். விதிப் புத்தகத்தைத் திறந்து மறுபடி பார்த்தேன். விதியில் சந்தேகமே இல்லை.

சிவப்புப் போடவில்லை. கட்டுரையை அனுப்பிவிட்டேன்.

ஜூலை 12, வெள்ளி

மேடத்தின் கட்டுரைகளில் இரண்டு ‘எஃபெக்ட்’, ஒரு இடத்தில் எழுவாய் ஒருமை பயனிலை பன்மை. குறிப்பதைவிட நானே சத்தமில்லாமல் திருத்திவிடுவது சீக்கிரம் முடிகிறது. சிவப்புப் போட்டால் காரணம் எழுத வேண்டும், படிவம் நிரப்ப வேண்டும். எனக்கு வேலை மிச்சம், அவ்வளவுதான்.

ஜூலை 16, செவ்வாய்

இன்றும் அப்படியே.

ஜூலை 19, வெள்ளி

நிஷாந்த் மேடத்தைக் கூப்பிட்டு, “சூப்பர் இம்ப்ரூவ்மென்ட் மேடம்” என்று எல்லோர் எதிரிலும் சொன்னார். கை தட்டினார்கள். நானும் தட்டினேன். மேடம் என்னைப் பார்த்தார். ஒரு நொடிதான். கை தட்டுவதை நிறுத்திவிட்டேன்.

ஜூலை 23, செவ்வாய்

மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் மேடம் டப்பாவைத் திறக்கவில்லை.

“நேத்து ஒரு கட்டுரையில ‘லெஸ் பேஷண்ட்ஸ்’னு விட்டேன். ஆளுங்களை எண்ணலாம், அதனால ‘ஃபியூவர்’தான் வரணும். நீங்க இதுக்கு மட்டும் என்கூட எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கீங்க. வேணும்னேதான் விட்டேன். சிவப்பு வரலை. ஏன்?”

“கவனிக்கலை மேடம்.”

“தேசிங்கு. நீங்க ஹோட்டல் மெனு கார்டுலயே ஸ்பெல்லிங் பாக்குற ஆளு.”

நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

“பதினாலு வருஷம் என்கூட சண்டை போட்டீங்க. ஒரு கமாவுக்காக ரெண்டு நாள் பேசாம இருந்திருக்கீங்க. நான் அதையெல்லாம் பெருசா எடுத்துக்கிட்டதே இல்லை. ஏன் தெரியுமா? இந்த ஆளு என்னைச் சரிசமமா நெனைக்கிறாரு, அதான் விட்டுக்கொடுக்க மாட்டேங்கிறாருன்னு நெனச்சிக்குவேன்.” குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் பரவாயில்லை. “இப்போ என்னா ஆச்சி? சண்டை போடக்கூட லாயக்கில்லாம போயிட்டேனா?”

“வேலை போயிடும் மேடம். அதனாலதான்...”

“போனா என் வேலை போகும். நீங்க போட்ட பிச்சையில அந்த நாற்காலியில உக்கார மாட்டேன். அந்தச் சிவப்பையெல்லாம் திரும்பப் போடுங்க.”

“மாசக் கடைசி மேடம். இப்போ போட்டா...”

“எனக்குக் கணக்குத் தெரியாதா?”

எழுந்து போய்விட்டார். டப்பா மேஜையிலேயே இருந்தது. சாயங்காலம் கழுவி அவர் மேஜையில் வைத்தேன்.

ஜூலை 24, புதன்

மேடம் பேசவில்லை.

ஜூலை 25, வியாழன்

பேசவில்லை. அப்பா வழக்கம்போல் கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். “சண்ட நின்னுபோச்சின்னா கஷ்டம்டா” என்றார். “உங்கம்மா கடைசி ஒரு மாசம் என்கூட சண்டையே போடல.” அம்மாவைப் பற்றி அவர் பேசிப் பல வருடம் ஆகிறது. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஜூலை 29, திங்கள்

பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். படி ஏறியதும் நேராக நிஷாந்திடம் போய், இந்த மாதம் மேடத்தின் பக்கங்களில் நான் சில பிழைகளைக் குறிக்காமல் விட்டேன், சிலவற்றை நானே திருத்தினேன் என்று சொன்னேன்.

அவர் முதலில் நம்பவில்லை. “ஏன் சார்?”

 அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, கவனம் சிதறிவிட்டது என்றேன். அது முழுப் பொய்யும் இல்லை.

“இப்போ நீங்க சொல்லலைன்னா யாருக்கும் தெரிஞ்சிருக்காதே சார். சொன்னா அவங்க போயிடுவாங்கன்னு தெரியும்ல?”

“தெரியும்.”

“அப்புறம் ஏன் சொல்றீங்க?”

“அவங்க சொல்லச் சொன்னாங்க.”

என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு, என்னை அந்தப் பொறுப்பிலிருந்து எடுத்துவிடுவதாகவும், பழையபடி திருத்தும் வேலைக்கே போகலாம் என்றும் சொன்னார். நல்ல பையன்தான். கத்தவில்லை.

சாயங்காலம் வரை உட்கார்ந்து, போடாமல் விட்ட சிவப்பையெல்லாம் போட்டேன். ‘எஃபெக்ட்’ ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதினேன். ‘லெஸ்’ஸுக்கு எழுதினேன். ‘பாஸ்ட் அவே’வுக்கு வந்தபோது கை நின்றது. போடுங்க என்று அன்றே சொன்னவர் அவர்தான். போட்டேன். காரணம் என்ற கட்டத்தில் ‘விதி’ என்று மட்டும் எழுதினேன்.

ஜூலை 31, புதன்

மேடத்துக்குக் கடைசி நாள். அவரோடு இன்னும் இரண்டு பேருக்கும். கேக் வாங்கியிருந்தார்கள். அதன்மேல் எழுதியிருந்த ஆங்கிலத்தில் ஒரு எழுத்து குறைந்திருந்தது. நானும் மேடமும் ஒரே நேரத்தில் அதைப் பார்த்தோம், பிறகு ஒருவரையொருவர் பார்த்தோம். சிரிக்க வேண்டிய இடம். யாரும் சிரிக்கவில்லை.

இறங்கும்போது அவர் பையை நான் வாங்கிக்கொண்டேன். இரண்டாவது மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்க நின்றோம்.

“போட்டுட்டீங்களா, எல்லாத்தையும்?”

“போட்டேன்.”

“அதையும்?”

“அதையும்.”

தலையை ஆட்டினார். “நர்ஸுங்களுக்கு இங்கிலீஷ் சொல்லித்தர ஆள் கேட்டிருக்காங்க, ஒரு கோச்சிங் சென்டர்ல. வெளிநாடு போற புள்ளைங்க. பாக்கலாம்.”

ஆட்டோ வந்தது. ஏறிக்கொண்டார். நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். சில்லறை இருக்கிறதா என்று கேட்டேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

எதிர் மேஜையை எடுத்துவிட்டு அங்கே ஒரு பிரிண்டரை வைத்திருக்கிறார்கள்.

என் கட்டுரைகளை இப்போது வேறொருவர் பார்க்கிறார். ‘டேட்டா ஆர்’ என்று எழுதியதற்கு எனக்குச் சிவப்பு விழுந்திருக்கிறது. விதியை மாற்றிவிட்டார்களாம், ஒருமையே போதுமாம். பழைய நானாக இருந்தால் அந்தப் பட்டனை அழுத்தியிருப்பேன். சரி என்று விட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

‘டேட்டா’ விஷயத்தை மேடத்துக்கு மெசேஜ் அனுப்பலாம் என்று எழுதினேன். ஜெயித்தது அவர்தானே. எழுதி, திருத்தி, மறுபடி திருத்தி, அழித்துவிட்டேன்.

ஆகஸ்ட் 10, சனி

துணி துவைத்தேன். தூங்கினேன். தூங்கி எழுந்தும் அசதி போகவில்லை.

ஆகஸ்ட் 14, புதன்

மேடத்திடமிருந்து மெசேஜ். நாளை மாதா திருநாள், பூசை முடிந்து மத்தியானம் வீட்டுக்குச் சாப்பிட வர வேண்டும், அப்பாவையும் அழைத்துவர வேண்டும். பதினான்கு வருடத்தில் நான் அவர் வீட்டுக்குப் போனதில்லை. தெரு மட்டும் தெரியும்.

அப்பாவிடம் சொன்னேன். ஆட்டோ வைக்கலாம், கையைப் பிடித்து மெதுவாக ஏற்றிவிடுகிறேன் என்றேன்.

“நான் வரல. நான் வந்தா நீ என்னையே பாத்துக்கிட்டு இருப்ப.”

“தனியா எப்பிடி இருப்பீங்க?”

“பக்கத்து வூட்டு அம்மாகிட்ட சொல்லிட்டுப் போ. அந்த நீலச் சட்டையை இஸ்திரி போட்டுக்க.”

ஆகஸ்ட் 15, வியாழன்

மாதா கோயில் தெரு முழுக்கக் கூட்டம். வெயில் சுள்ளென்று அடித்தது. ஆரஞ்சுப் பழம் ஒரு கிலோ வாங்கிக்கொண்டு போனேன். வழி முழுக்க, என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தேன். மன்னிப்பு கேட்பதா? எதற்கென்று கேட்பது? சிவப்புப் போட்டதற்கா, போடாமல் விட்டதற்கா?

கதவைத் திறந்தவர் கையில் மாவு இருந்தது. “வாங்க. அப்பா எங்க?”

வரவில்லை என்றேன். சிறிய வீடு. சுவரில் கணவர் படம், பூ போட்டிருந்தது. படத்தில் இருந்தவர் நல்ல உயரம்.

சாப்பிட்டோம். கோச்சிங் சென்டரில் சேர்ந்துவிட்டாராம். கேரளாப் பெண்கள் நிறையப் பேர் வருகிறார்களாம். “நோயாளி செத்துட்டார்னு வீட்டுக்காரங்ககிட்ட எப்பிடி இங்கிலீஷ்ல சொல்றதுன்னு ஒரு க்ளாஸ். அந்த ‘எக்ஸ்பயர்ட்’ங்கிற வார்த்தையை மட்டும் எவளும் சொல்லக் கூடாதுன்னுட்டேன்.”

நல்லது மேடம் என்றேன். ‘டேட்டா’வைச் சொன்னேன். உதட்டைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“நீங்க ஒண்ணும் பேசாமலா விட்டீங்க?”

“யார்கிட்ட பேசுறது?”

சொன்ன பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்பது எனக்கே கேட்டது. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. மேடம் தட்டுகளை அடுக்கினார். பிரித்து மறுபடி அடுக்கினார்.

நேரம் ஆகிவிட்டது, அப்பா தனியாக இருப்பார் என்று எழுந்தேன். செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். ஆரஞ்சுப் பையைக் கொடுக்காமலே திரும்ப எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன், அவர்தான் வாங்கிக்கொண்டார்.

“ஞாயித்துக்கெழமை வரலாமா?” என்று கேட்டேன்.

மேடம் கதவில் சாய்ந்து நின்றார். “வரலாமான்னு கேக்குறீங்களா, வரட்டுமான்னு கேக்குறீங்களா?”

“ரெண்டும் ஒண்ணுதானே.”

“எப்பிடி ஒண்ணாவும்? வந்து உக்காருங்க, சொல்றேன்.”

செருப்பைக் கழற்றினேன்.